நாலாவது வீடு, மூணாவது இலக்கு: மாறுறது நானா, மாற்றலா?

பெட்டிக்குள்தூரிகை (இழையைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளா இங்கே படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் எழுதுறேன். நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

கணவர் ராணுவத்தில். கல்யாணமாகி ஆறு வருஷம், இது நாலாவது வீடு. தொலைநிலையில் அனிமேஷன் பட்டப்படிப்பு, இப்போ மூணாவது வருஷம். சேரும்போது சந்தேகமே கிடையாது. 3டி கேரக்டர் அனிமேட்டர் ஆகணும். ஒரு உருவம் நடந்து வரும்போதே அதுக்கு மனசுல பாரம் இருக்கா இல்லையான்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியணும். அதைச் செய்யறவளா இருக்கணும், அவ்வளவுதான்.

இரண்டாவது மாற்றல் வந்தப்போ ஆளாளுக்குச் சொன்னது ஒண்ணுதான்: "எங்கே போனாலும் கூடவே வர்ற வேலையாப் பாரு." ஸ்டுடியோ ஒரு ஊர்ல இருக்கும், நீ இன்னொரு ஊர்ல இருப்பேன்னாங்க. நியாயமாத்தான் பட்டது. பட்டப்படிப்போட சேர்த்து யூஎக்ஸ் டிசைன், அதாவது செயலி, இணையதளம் எல்லாம் பயன்படுத்தச் சுலபமா இருக்கும்படி வடிவமைக்கிற வேலை, அதுக்கு ஒரு சான்றிதழ்ப் படிப்பும் ஆரம்பிச்சேன். ஏழு மாசம். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5:1 இருக்கான்னு அளந்துக்கிட்டே இருந்தவ ஒரு நாள் அழுதுட்டேன். அந்த விதியைக் குறை சொல்லலை. கண்பார்வை மங்கினவங்க படிக்கணும்னா அது வேணும். அதை அளக்கிற ஆள் நான் இல்லை, அதுதான் விஷயம்.

மூணாவது மாற்றல்ல சாமான் வந்து சேர ஆறு வாரம் தாமதம். கம்ப்யூட்டரும் அதுலதான். கையில ஒரு நோட்டு, ஒரு பால்பாயின்ட் பேனா. மகள் தினமும் "நம்ம பெட்டி எங்கேம்மா இருக்கு?"ன்னு கேட்பா. அதுக்குப் பதிலா, வழி தவறின ஒரு அட்டைப்பெட்டி எங்கெல்லாம் போகுதுன்னு சின்னச் சின்னக் கட்டம் போட்டு வரைஞ்சேன். 140 கட்டம் ஆயிடுச்சு. கலர் இல்லை, அசைவு இல்லை. ஆறு வருஷத்துல நான் அவ்வளவு சந்தோஷமா இருந்ததில்லை.

இப்போ ஸ்டோரிபோர்டு பக்கம், அதாவது படம் எடுக்கறதுக்கு முன்னாடி காட்சிகளைக் கட்டம் கட்டமா வரைஞ்சு வைக்கிற வேலைக்கு, போகணும்னு தோணுது. படிப்பில் பிரிவு மாத்தினா ஏற்கனவே முடிச்ச சில பாடங்கள் கணக்கில் வராமல் போகலாம். அம்மாகிட்ட சொன்னேன், போன்ல சத்தமே இல்லை. கணவர் "உனக்கு எது சரின்னு தோணுதோ"ன்னார். எல்லாப் பதில்லயும் அதுதான் அதிகமா வலிச்சது. அவருக்கு அடுத்த மூணு வருஷம் ஒரு தாள்ல அச்சடிச்சு வருது. எனக்கு?

கேள்வி இதுதான். இது நிஜமாவே இலக்கு மாறுறதா, இல்லை ஒவ்வொரு மாற்றலுக்கும் நான் ஏதாவது ஒண்ணை விட்டுட்டு ஓடுறேனா?

---

கிராஃபைட்2பி

மனசுல பட்டதைச் சொல்றேன், கோச்சுக்காதீங்க. ஆறு வருஷத்துல மூணு இலக்கு. கட்டம் போட்டு வரைஞ்சது சந்தோஷமா இருந்தது சரி, விடுமுறையும்தான் சந்தோஷமா இருக்கும். அந்த ஆறு வாரம் உங்களுக்குப் பாடம் இல்லை, கெடு இல்லை, மதிப்பெண் இல்லை. அதே ஸ்டோரிபோர்டை ஒரு இயக்குநர் எட்டாவது தடவை திருத்தச் சொல்லும்போது இதே சந்தோஷம் இருக்குமா? டிகிரியை முடிங்க. மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம். அரைகுறையா மூணு இருக்கிறதுக்கு முழுசா ஒண்ணு மேல்.

---

சட்டகம்24

ஒன்பது வருஷமா ஸ்டோரிபோர்டு வேலை பார்க்கிறேன். கிராஃபைட் சொன்ன எட்டாவது திருத்தம் நிஜம். எட்டோட நின்னா அது நல்ல வாரம்.

ஆனா "விட்டுட்டு ஓடுறது"ங்கிற பேச்சு இங்கே பொருந்தலை. தோழி, நீங்க படிச்ச அனிமேஷன்ல எது வீணாகும்னு நினைக்கிறீங்க? வினாடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்), ஒரு படத்தை ரெண்டு சட்டகத்துக்கு நிறுத்தினா 12 படம் போதும்னு உங்களுக்குத் தெரியும். ஒரு பார்வை எத்தனை சட்டகம் நீடிச்சா தயக்கம், எத்தனை நீடிச்சா முறைப்புன்னு தெரியும். நிழலுருவா மட்டும் பார்த்தாலும் தோரணை புரியணும்னு தெரியும். ஸ்டோரிபோர்டை அடுக்கி நேரம் கொடுத்து அனிமேட்டிக் ஆக்கும்போது தேவைப்படுறது இதெல்லாம்தான். நல்லா வரையத் தெரிஞ்சும் நேரக்கணக்கு தெரியாமத் தடுமாறுறவங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கேன்.

உங்களுக்குப் புதுசா வேண்டியது கேமரா மூளை. ரெண்டு பேர் பேசுற காட்சியில அவங்களுக்கு நடுவுல ஒரு கற்பனைக் கோடு உண்டு. காரணமில்லாமல் அந்தக் கோட்டைத் தாண்டிக் கேமராவை வைத்தால் யார் யாரைப் பார்க்கிறாங்கன்னு பார்க்கிறவங்களுக்குக் குழம்பிடும். 180 டிகிரி விதின்னு சொல்வாங்க. அந்த 140 கட்டத்துல இதை எத்தனை இடத்துல தெரியாமலே மீறியிருக்கீங்கன்னு எண்ணிப் பாருங்க, நல்ல பயிற்சி.

இன்னொண்ணு. ஸ்டோரிபோர்டு வீட்டிலிருந்தே செய்யலாம்னு நம்பித்தான் இறங்குறீங்கன்னா, கொஞ்சம் நில்லுங்க. வீட்டிலிருந்து வேலைன்னு விளம்பரத்துல இருக்கும், உள்ளே போனா "இந்த நாட்டுக்குள்ள இருக்கிறவங்க மட்டும்", "இந்த மாகாணங்கள் மட்டும்"னு இருக்கும். வரி, சம்பளச் சட்டம் எல்லாம் இடத்துக்கு இடம் வேற. வெளிநாட்டுப் போஸ்டிங் வந்தா இன்னும் சிக்கல். படை எந்த நாட்டில் தங்குதோ அந்த நாட்டோட போட்ட ஒப்பந்தம் குடும்பத்தினர் வேலை செய்றதைப் பத்தி என்ன சொல்லுதுன்னு பார்க்கணும். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். படைப்பிரிவின் சட்ட உதவி அலுவலகத்துல எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை நம்பி லேப்டாப்பைத் திறக்காதீங்க.

---

பழையகோப்பு

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கலை பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. காகிதம் பற்றிப் பேசுகிறேன்.

சகோதரி "பாடங்கள் கணக்கில் வராமல் போகலாம்" என்று எழுதியிருக்கிறார். அந்த "போகலாம்" எனக்குப் பிடிக்கவில்லை. பிரிவு மாறினால் எந்தப் பாடம் எங்கே போய் உட்காரும் என்று பட்டத் தணிக்கை ஒன்றை ஓட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு மின்னஞ்சலில் முடிகிற வேலை. கட்டாயப் பாடமாக இருந்தது விருப்பப் பாடமாக மாறி உட்காரலாம். கணக்கிலிருந்து அடியோடு மறைவது அநேகமாக நீங்கள் பயப்படுவதைவிடக் குறைவாக இருக்கும்.

வேறு கல்லூரிக்கு மாறும் எண்ணம் இருந்தால் அது தனிக் கதை. பட்டம் தருகிற நிறுவனத்திலேயே குறிப்பிட்ட பங்கு பாடங்களை முடித்திருக்க வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. கடைசி வருடத்தில் மாறுகிறவர்கள் அதில்தான் மாட்டுவார்கள்.

மாற்றல் நெருக்கடியில் ஒரு பருவம் படிக்க முடியாவிட்டால், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். முறைப்படி விடுப்பு எழுதிக் கொடுங்கள். சொல்லாமல் நின்றவர் திரும்பி வரும்போது புதிதாகச் சேர்க்கை கேட்க வேண்டியிருக்கும். அதற்குள் பாடத்திட்டம் மாறியிருந்தால் புதிய திட்டம் அவர் தலையில் விழும்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியலில் பாடத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். "காட்சிக் கதைசொல்லல் 2" என்ற பெயரை வைத்து அதில் என்ன கற்றார் என்று எந்த மதிப்பீட்டாளருக்கும் தெரியாது. பாடத்திட்டம் இல்லாமல் வந்த விண்ணப்பங்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்றும் உறுத்துகிறது.

---

பெட்டிக்குள்தூரிகை

பழையகோப்பு ஐயா, தணிக்கைக்கு மின்னஞ்சல் போட்டாச்சு. பாடத்திட்டங்களைத் தேடினதுல முதல் வருஷத்துது ரெண்டு காணோம். பழைய லேப்டாப்போட போயிருக்கும்.

கிராஃபைட், கோபம் இல்லை. நீங்க சொன்னதைத்தான் ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு நானே சொல்லிக்கிறேன். அதனாலதான் இங்கே வந்து கேட்டேன்.

---

அலமாரிக்குள்மைக்

நான் இந்த இழையோட ஒற்றைப்படை. என் மனைவி கடற்படை அதிகாரி. மாற்றலுக்குப் பின்னாடி பெட்டி கட்டிக்கிட்டுப் போற ஆள் நான். துணைவியர் கூட்டம்னு அழைப்பு வரும், போனா நான் மட்டும் மீசையோட உட்கார்ந்திருப்பேன்.

குரல் கலைஞனா ஆகணும்னு படிச்சேன். ஒலிப்புத்தகம் வாசிக்கிறதுன்னா அறையோட பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்கணும்னு கேட்பாங்க. முதல் வீட்டுல துணி அலமாரிக்குள்ள உட்கார்ந்து அதைச் சாதிச்சேன். எதிரொலியை உறிஞ்சத் தொங்குற கோட்டுகள் நல்லா உதவும், அவளோட சீருடைக்கு நடுவுல மூணு நாவல் வாசிச்சிருக்கேன். அடுத்த வீடு ஹெலிகாப்டர் தளம் பக்கத்துல. மூணாவது வீட்டுல அலமாரியே சுவருக்குள்ள பதிச்சது, தலைகூட நுழையாது.

அப்புறம் ஒலித்தொகுப்புக்கு மாறினேன். அதுக்கு ஹெட்போன் போதும். முதல் ரெண்டு வருஷம் "இது எனக்குக் கிடைச்சது, நான் கேட்டது இல்லை"ன்னு உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது. இப்போவும் எப்பவாவது ஓடும். வேலை பிடிச்சிருக்கு, அதையும் சொல்லணும். ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருக்கலாம்போல.

தோழிக்கு ஒரே கேள்வி. யூஎக்ஸை மாற்றல் கொண்டுவந்தது. ஸ்டோரிபோர்டைக் கொண்டுவந்தது யாரு? சாமான் தாமதமானது காரணமில்லை. சாமான் வராதவங்க எத்தனையோ பேர் ஆறு வாரம் போனைப் பார்த்துட்டு இருந்திருப்பாங்க.

---

டர்பன்டைன்

24 வருஷம் படைக்குப் பின்னாடி போனவ நான். பேரன் பேத்தி எடுத்தாச்சு. நான் சொல்றது உனக்கு உதவுமான்னு தெரியலை, கேளும்மா.

எனக்கு எண்ணெய் வண்ணம்தான். ஓவியப் படிப்பு பாதியில இருக்கும்போது கல்யாணம். முதல் மாற்றல்லயே சாமான் ஏத்த வந்தவங்க டர்பன்டைன், வார்னிஷ் எதையும் தொட மாட்டோம்னுட்டாங்க. தீப்பிடிக்கிற பொருள், வண்டியில ஏத்தக் கூடாது. அதைக்கூட விடு, போற இடத்துல வாங்கிக்கலாம். படத்துக்கு என்ன பண்றது? கனமாப் பூசின எண்ணெய்ப்படம் தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ளே காயாது. வார்னிஷ் அடிக்க ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் காத்திருன்னுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. எனக்கு ஒரு வீடே ரெண்டு வருஷம்தான். ஈரப்படத்தைப் பெட்டியில வச்சு, பிரிக்கும்போது மேல்தாள் ஒட்டிக்கிட்டு வந்த முகங்கள் எத்தனையோ.

கவாஷுங்கிற தண்ணி வண்ணத்துக்கு மாறினேன். சீக்கிரம் காயும், தண்ணி போதும், சப்பையா அடுக்கலாம். அப்புறம் லினோ வெட்டுப் படம், லினோலியம் தகட்டுல செதுக்கி மை தடவி அச்சடிக்கிறது. கேட்டவங்களுக்கெல்லாம் "படை என்கிட்டேருந்து எண்ணெய் வண்ணத்தைப் பிடுங்கிடுச்சு"ன்னு சொல்வேன். 24 வருஷமும் அதைச் சொன்னேன். அவருக்கு அது தெரியும், ஓய்வு பெற்றதும் முதல் வேலையா வடக்குப் பார்த்த ஜன்னலோட ஒரு அறை ஒதுக்கிக் கொடுத்தார். ஈசல், தூரிகை, நல்ல லின்சீட் எண்ணெய், எல்லாம் வந்தது.

நின்னேன். ரெண்டு மாசம் முயற்சி பண்ணினேன். எனக்குப் பிடிக்கலைம்மா. அந்த மெதுவு, அந்த வழவழப்பு எதுவும் பிடிக்கலை. கத்தியால லினோவை இழுக்கும்போது கிடைக்கிற அந்தச் 'சரக்' எனக்கு வேணும்னு இருந்தது. எப்போ மாறிச்சுன்னே தெரியலை. நடுவுல எங்கேயோ, நான் புலம்பிக்கிட்டு இருந்தப்பவே மாறியிருக்கு.

அவர்கிட்ட சொல்லவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. அந்த அறையில இப்போ அச்சு இயந்திரம் இருக்கு.

---

கிராஃபைட்2பி

டர்பன்டைன் அம்மா, ரெண்டு தடவை படிச்சேன்.

நான் சொன்னதுல ஒரு பாதியைத் திருப்பி வாங்கிக்கிறேன். டிகிரியை முடிக்கணும்ங்கிற பாதியை வாங்க மாட்டேன். என் தங்கை இதே நிலைமையில மூணு கல்லூரி மாறி, மூணு இடத்துலயும் பாதிப் படிப்போட நிக்கிறா. அதான் அவ்வளவு காரமா எழுதினேன்.

---

சட்டகம்24

பெட்டிக்குள்தூரிகை, ஒரு சோதனை சொல்றேன், செய்றீங்களா? உங்களுக்கே பிடிச்ச ஒரு பத்து வினாடிக் காட்சியை எடுத்துக்கோங்க. யாரும் கேட்காதது, பாடத்துக்கு இல்லாதது. அதை முழுசா 3டியில அனிமேட் பண்ணுங்க. பிளாக்கிங் (முக்கியத் தோரணைகள்), ஸ்பிளைன் (அதுக்கு நடுவுல அசைவை வளைகோடுகளால இழைக்கிறது), பாலிஷ் (கடைசி மெருகு) எல்லாம். ஒவ்வொரு நாளும் உட்கார்ந்த நேரத்தையும், எழுந்திருக்க மனசில்லாம இருந்த நேரத்தையும் குறிச்சு வைங்க. மென்பொருள் செலவு ஒரு சாக்கு இல்லை, பிளெண்டர்ங்கிற 3டி மென்பொருள் 2002-லேர்ந்து திறந்த மூலம், இலவசம். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் வாங்கின லாட்வியப் படம் 'ஃப்ளோ' அதுலதான் செய்தது.

சோதனை ஸ்டோரிபோர்டுக்கு இல்லை. அதைப் பிடிக்கும்னு நமக்குத் தெரியும். பழைய காதல் இருக்கா இல்லையான்னு பார்க்கத்தான்.

---

பெட்டிக்குள்தூரிகை (மூணு வாரம் கழித்து)

செஞ்சேன். குறிப்பு அப்படியே:

முதல் நாலு நாள் பிளாக்கிங். முக்கியத் தோரணைகளை மட்டும் வச்சு, நடுவுல அசைவே இல்லாமத் தாவித் தாவிப் போகும் பாருங்க, அது. ஒரு வயசான பொண்ணு கதவைத் தட்டப் போய், தட்டாமத் திரும்புறா. எழுந்திருக்கவே மனசில்லை. ஒரு நாள் மகளைக் கூப்பிட்டு வர நேரமாச்சுன்னு போன்ல அலாரம் அடிச்சதுகூடக் காதுல விழலை.

அஞ்சாவது நாள் ஸ்பிளைன். வளைகோடுகளைத் திறந்து வச்சுக்கிட்டு, மணிக்கட்டு எங்கே வெட்டுதுன்னு தேடி, ஒரு கைப்பிடியை இழுத்து, மறுபடி ஓட்டி. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்தேன். துணி மடிச்சேன். மடிச்ச துணியை மறுபடி மடிச்சேன். ரெண்டு வாரம் இழுத்து முடிச்சேன், நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா அந்தப் பொண்ணு திரும்பிப் போற முடிவை நான் பிளாக்கிங்லயே எடுத்துட்டேன். அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் எனக்கு எடுபிடி வேலையா இருந்தது.

நான் எப்பவும் காதலிச்சது அந்த முதல் நாலு நாளைத்தான்போல. "கேரக்டர் அனிமேட்டர்"னு ஒரு பேர் கையில கிடைச்சதால அதைச் சொல்லிட்டு இருந்திருக்கேன். அட்டைப்பெட்டிக் கதையும் அந்த நாலு நாள்தான், பேனாவில.

அழுகையும் வந்தது, பொய் சொல்லலை. மூணு வருஷமா மாற்றல் மேல போட்ட பழி ஒண்ணு கையிலேருந்து நழுவிடுச்சு. பழி இருந்தப்போ ஒரு வசதி இருந்தது.

---

அலமாரிக்குள்மைக்

அந்தக் கடைசி வரி. எனக்குத் தெரிஞ்ச வசதி அது.

---

டர்பன்டைன்

எல்லாப் பழியையும் இறக்கி வச்சுடாதேம்மா. யூஎக்ஸ்ல போன ஏழு மாசம் மாற்றல் கணக்குதான். முதல் வருஷப் பாடத்திட்டம் தொலைஞ்சதும் மாற்றல் கணக்குதான். அதை அவங்க பேர்லயே எழுது.

---

பெட்டிக்குள்தூரிகை (ரெண்டு மாசம் கழித்து)

கேட்டவங்களுக்காக ஒரு தகவல்.

தணிக்கை வந்தது. பிரிவு மாறினா கணக்கிலிருந்து விழுறது ஒரே ஒரு பாடம், ரிக்கிங் (3டி உருவத்தை அசைக்க உள்ளே எலும்புக்கூடு அமைக்கிறது). அதை நினைச்சு நான் ஒரு வருஷம் தூங்காம இருந்திருக்கேன்! கடைசியில பிரிவையே மாத்தலை. ஆலோசகர்கிட்ட பேசினதுல, இறுதித் திட்டத்தை முழுசா ரெண்டர் செய்த குறும்படமா இல்லாம, ஒலியோட ஆறு நிமிஷ அனிமேட்டிக்கா கொடுக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க. அதே பட்டம், அதே வருஷம் முடியும், விருப்பப் பாடம் ரெண்டும் ஸ்டோரிபோர்டுல. கிராஃபைட், உங்க பாதியும் நிறைவேறிடும்.

அனிமேட்டிக்குக்கு ஒலி வேணும். அலமாரிக்குள்மைக், தனிமடல் பாருங்க. கூலி உண்டு, ஓசி இல்லை.

அடுத்த மாற்றல் உத்தரவும் போன வாரம் வந்துடுச்சு. அதுவும் வேற நேர மண்டலம், இறுதித் திட்டத்துக்கு வாரா வாரம் இருக்கிற நேரலை விமர்சன வகுப்பு அங்கே அதிகாலை மூணரைக்கு விழுது. பதிவு செய்த வீடியோ விமர்சனமாத் தரச் சொல்லிக் கேட்டிருக்கேன், பதில் வரலை.

கணவர் என் நோட்டைப் புரட்டிட்டு, "இதுவும் மாறுமா?"ன்னு கேட்டார். கிண்டலா கேட்கலை, நிஜமாத்தான் கேட்டார். "மாறலாம்"னேன். "சரி, எந்தப் பெட்டியில வைக்கட்டும்?"னார். "பெட்டியில வேண்டாம், கைப்பையில"ன்னேன்.

---

பழையகோப்பு

மகிழ்ச்சி, சகோதரி. ஆலோசகர் ஒத்துக்கொண்டது எழுத்தில் இருக்கிறதா? வாய்ச்சொல் என்றால் இன்றே "நாம் பேசியபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆலோசகர்களும் மாற்றலாகிப் போவார்கள்.

---

சட்டகம்24

கைப்பை விஷயத்துல ஒண்ணு. நோட்டு மட்டும் போதாது. கோப்புகளுக்கு மூணு பிரதி, ரெண்டு விதமான சாதனம், அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளியே. சாமான் வண்டியில போற ஹார்டு டிஸ்க்கைப் பிரதின்னு எண்ணாதீங்க. கம்ப்யூட்டர் மறுபடி தாமதமானா சமாளிக்க சின்ன லேப்டாப்ல கிருதாங்கிற வரையும் மென்பொருளைப் போட்டு வைங்க, இலவசம். 5.0 பதிப்பிலிருந்து அதுக்குள்ளேயே ஸ்டோரிபோர்டு பலகம் இருக்கு. கட்டத்துக்கு நேரம் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம்.

---

பெட்டிக்குள்தூரிகை

எழுத்தில் இல்லை ஐயா. இதோ அனுப்பிட்டு வர்றேன்.

கிருதா இறங்கிக்கிட்டு இருக்கு. சட்டகம்24, 140 கட்டத்தையும் எண்ணிப் பார்த்தேன். கோட்டைத் தாண்டினது பதினேழு இடம். அதுல மூணு வேணும்னே தாண்டினதுன்னு சொல்லிக்கப் போறேன்.